பேரேடு

சங்கக்கடை மனேச்சர் குலநாயகம்
அண்டைக்கு இரவு தன் பேரைத் துலைச்சுப்போட்டு,
சேட்டை உள்பக்கம் வெளியாப் போட்டுக்கொண்டு,
கோண்டாவில் வீட்டு அலுமாரிக்குள்ள
எதையோ தேடினார்.
நான் ஆரெண்டு கேட்டன்.
அங்கத்தவர் இலக்கம் என்னெண்டு
திருப்பிக் கேட்டார்.

பெரியாஸ்பத்திரி. விடியாத நாலு மணி.
டொக்டர்ப் பிள்ளை சொன்னா:
"கையை நீட்டுங்கோ ஐயா,
வாகனம் மறிக்கிற பொலிஸ் மாதிரி."
நீட்டினார்.
மணிக்கட்டு விழுந்து விழுந்து எழும்பிச்சுது.
ஈரக்குலை நடுங்குது எண்டு
எத்தனை தரம் வாயால சொல்லியிருப்பன்,
அது கையில நடுங்குமெண்டு தெரியாது.

குடல் உறிஞ்சிற சாமான்
நேர நெஞ்சுக்குப் போகேலாதாம்.
முதல் ஈரலிட்டைப் போய்
மூட்டையை அவிட்டுக் காட்டவேணும்,
இவர் முப்பது வரியம்
லொறியால இறங்கின பருப்பையும் சீனியையும்
குத்தூசியால குத்திப் பாத்து உள்ள விட்ட மாதிரி.
குடலுக்குள்ள குடியிருக்கிற கிருமியள்
சமைக்கிற அமோனியா
(கழுவாத கக்கூசில மூக்கில அடிக்குமே, அதுதான்)
ஈரலில அடங்கி மூத்திரத்தில போயிடும்.
இப்ப ஈரல் தழும்பேறிப் போச்சு.
படலையை விட்டிட்டு
வேலிப் பொட்டுக்குள்ளால பூந்து
நஞ்சு தலைக்குப் போகுது.

"குடிக்கிறவரோ?"
பக்கத்துக் கட்டில்காரி மெல்லக் கேட்டா.
இல்லை. சீனி வருத்தம், ஈரலில கொழுப்பு.
அவ நம்பேல்லை.

தந்தது வெறும் பாணி.
தடிச்சு, தித்திப்பா, முப்பது மில்லி, நாளுக்கு மூண்டு.
குடலைப் புளிக்க வைச்சு
நஞ்சை அங்கேயே மறிச்சு
வெளியில தள்ளுமாம்.
ரெண்டு மூண்டு தரம் போகவேணும்.
போகாட்டி மனுசன் போயிடுவார்.

வெக்கம் முதல் கிழமையோட முடிஞ்சுது.
அவற்ற பழைய பேரேட்டில
வரவுப் பக்கம் பாணி.
செலவுப் பக்கம் எண்ணிக்கை, நேரம்.
செவ்வாய்: ஒண்டு. கை நடுக்கம். என்னைத் தாயெண்டார்.
புதன்: மூண்டு.
வியாழன்: நாலு. பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சு
பிறகு தானே நிமித்தினார்.

இண்டைக்கு விடிய
பூட்டின கக்கூஸ் கதவுக்கு அங்கால இருந்து,
பழைய கடைக் குரல்:
"மங்களேஸ்! தண்ணி நிண்டுபோச்சு,
மோட்டரைப் போடும்!"

ஓடிப்போய்ப் போட்டன்.
ஈரக் கையோட எழுதினன்:
வெள்ளி, ஆறரை, ஒண்டு.
பக்கத்தில, கணக்குக்கு வராத இடத்தில,
என்ரை பேர்.