மனை எண் பதினேழு

டார்சி படகை ஓட்டினான்.
என் மடியில் முப்பத்தோர் உறைகள், எல்லாவற்றிலும் ஒரே வாசகம்:
மூலக் குத்தகைதாரர் அல்லது அவரது வாரிசு அறிய.
“மூலக் குத்தகைதாரர்” என்று உரக்கப் படித்தேன்.
சிரித்தான்.
அவனுடைய சனங்கள் இந்த ஏரிக்கு வைத்த பெயர்
எங்கள் வரைபடத்தில் இல்லை.
வேறெதுவும் சொல்லாமல் விசையைக் கூட்டினான்.

பதினேழில் வெர்னா ஸ்டக்லெஸ்
கூரைமேல் நின்று பைன் ஊசிகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.
இறங்காமலே பேசினாள்:
“அப்பா கையெழுத்திட்டபோது வருடத்துக்கு முப்பது டாலர்.
இப்போது எண்ணூற்று நாற்பது.
கழிவுத்தொட்டி என் செலவு.
பாதையில் விழும் மரத்தை அறுப்பது நான்.
தீப்பிடித்த வருடம், உங்கள் ஆட்கள் வந்துசேரும்வரை
குழாயைப் பிடித்து நின்றதும் நான்.”

உண்மைதான்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை, ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

என்னிடமும் ஒரு கணக்கு இருந்தது.
எண்ணூற்று நாற்பதை நாட்களால் வகுத்தால்
இரண்டு டாலர் முப்பது சென்ட்.
அக்கரையில் கூடாரமடிக்க இரவுக்கு நாற்பத்திரண்டு,
பதினான்கு இரவுக்குமேல் கிடையாது,
அதுவும்
பிப்ரவரிக் காலை ஏழு மணிக்குக் கணினிமுன் காத்திருந்து
ஏழு இரண்டுக்குள் எல்லாம் தீர்ந்துபோகாவிட்டால்.

கணக்கைச் சொல்லவில்லை.
என் கல்யாணம் நடந்ததே
இருபத்திரண்டாம் எண்ணின் புல்தரையில்தான்.

பதிலாக, போன ஜூலையைச் சொன்னேன்.
ரோமெல் பாகலிங், கோழி ஆலையில் இரவு வேலை.
வாடகைத் துடுப்புப் படகு, மூன்று பிள்ளைகள்.
காற்று எழும்பியதும் இந்தத் துறைக்கு வந்துவிட்டார்கள்,
வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள்:
தனியார் இடம். நுழையாதீர்.
துறையில் ஏறவில்லை.
பக்கத்துக் கோரைக்குள், இடுப்பளவு தண்ணீரில்,
படகைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்து
ஆலங்கட்டி ஓயும்வரை நாற்பது நிமிடம்.
நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்:
“இது பூங்காதானே?”
பூங்காதான் என்றேன்.
“அப்படியானால் பலகை?”

வெர்னா ஏணியில் பாதி இறங்கியிருந்தாள்.
“அந்த வாரம் நான் இங்கே இல்லை.
கதவைப் பூட்டுவதே கிடையாது, உள்ளே போயிருக்கலாமே!
பலகை சும்மா. எல்லோருக்கும் தெரியும்.”

எல்லோருக்கும்.
அதாவது முப்பத்தொரு வீட்டுக்கு.

சொல்லி முடித்ததும் அவளுக்கே கேட்டிருக்க வேண்டும்.
உறையைப் பிரிக்காமல் பைக்குள் திணித்தாள்,
திருப்புளி இருக்கிறதா என்றாள்.
டார்சியிடம் இருந்தது.

இடப்பக்கத்துத் திருகு சுற்றிச் சுற்றிக் கழன்றது.
வலப்பக்கத்தது துருவேறி மரத்தோடு மரமாகியிருந்தது;
தலை நசுங்கியதே தவிர அசையவில்லை.
பலகை ஒரு பக்கம் சரிந்து
ஒற்றைத் திருகில் தொங்கியது.
“மீதியை நாளைக்குப் பார்க்கிறேன்” என்றாள்.

பதினெட்டுக்குத் திரும்பும் வளைவில்
ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.
எழுத்துகள் செங்குத்தாக நின்றன.
கழுத்தைச் சாய்த்தால்
வாசிக்க முடிந்தது.