ஏழாவது போத்தல்

கிங்கரோயில் யூலை இரவு.
கச்சான் சைலோக்களின் தகரத்தில்
உறைபனி பிடிக்கிற நேரம்
நான் போத்தல்களைக் கெடுத்துக்கொண்டிருப்பேன்.

அதுதான் வேலை. சம்பளம் தருகிறார்கள்.
பதினொரு போத்தல் கச்சான் பட்டர்,
ஒரு சாவணம், ஒரு சின்னப் பெட்டி.
பெட்டிக்குள் கடுகளவு பிளாஸ்டிக் மணி,
கண்ணாடிச் சில், காய்ந்த கோது,
அரை அரிசி நீளத்தில் பைன் மரச் சிராய்.
ஒன்றை நடுவில் புதைப்பேன், ஒன்றைச் சுவரோரம்,
ஒன்றை அடியில்,
சனம் கரண்டியால் கடைசியாக வழிக்கிற இடத்தில்.
நீல ரேப் ஒட்டி, கொப்பியில் எழுதி,
பெல்ற்றில் விடுவேன்.

மூடி போடுமுன் ஒரு வளைவு.
அதில் ஆறு அன்ரெனா, எதிரும் புதிருமாய்.
பழைய மெஷினுக்கு இரும்பு மட்டும்தான் மணக்கும்.
எக்ஸ்ரேக்கு மரமும் எண்ணெயும்
கிட்டத்தட்ட ஒரே நிழல்.
இது பார்ப்பதில்லை.
கைபேசியிலும் மெலிந்த நுண்ணலை ஒன்றை அனுப்பிவிட்டு
மறுகரையில் நின்று
ஏன் பிந்தினாய் என்று கேட்கும்.
வழியில் வேறெதையும் தொட்ட அலை
பொய் சொல்லத் தெரியாமல் வரும்.
உடனே ஒரு சிவப்புக் கை நீண்டு
போத்தலை வெளியே தள்ளும்.

காற்றுக் குமிழிக்கும் தள்ளும், அது ஒரு குறை.
ஒன்றுமில்லாததும் அதற்கு ஏதோ ஒன்று.
ரொவீனா தகலோக்கில்
அதனோடு சண்டை பிடிப்பாள்.

செவ்வாய் இரவு பதினொன்று போயின.
பத்துத்தான் தள்ளுப்பட்டன.
ஏழாவது இல்லை. மரச் சிராய்.
அதன் நீல ரேப் குளிரில் கழன்று
பெல்ற்றின் கீழே சுருண்டு கிடந்தது.

கிரேம் வந்தார். கத்தவில்லை.
கத்தியிருக்கலாம்.
மூடி போட்ட அறுநூற்று நாற்பதையும்
திரும்பக் கழற்றுங்கோ என்றார்.
நோலீன், ரொவீனா, நான்.
நூறு தாண்ட மணிக்கட்டு கதைக்கத் தொடங்கியது.
முந்நூறில் நாங்கள் கதைப்பது நின்றது.
எனக்கு ஒரு தொண்டை மட்டும் தெரிந்தது,
ருவூம்பாவிலோ ரொக்ஹாம்ப்டனிலோ
பள்ளிக்கூடத்துப் பாணை அவதியாய் விழுங்குகிற
ஒரு சின்னத் தொண்டை.

உணர்திறனைக் கூட்டி ஓட்டினோம்.
முப்பத்தெட்டைத் தள்ளியது.
சுடுதண்ணீர், அரிதட்டு,
முழங்கை வரை எண்ணெய்.
முதலாவது குமிழி. இரண்டாவதும் குமிழி.
பதினேழில் நோலீன் சிரித்தாள்,
பிறகு அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு
பதினெட்டை எடுத்தாள்.
முப்பத்தொன்றில்
அரிதட்டில் ஏதோ மிஞ்சியது.

மரமில்லை.
பருப்பளவு, பிறைவடிவம், நீலம்.
பெட்டியில் அப்படியொன்று இல்லவே இல்லை.
மூவரும் ஆளையாள் பார்க்கவில்லை,
கைகளைப் பார்த்தோம்.
என் வலது கையுறையில்
சுட்டுவிரல் நுனியைக் காணோம்.
வெளியே தெரிந்த தோல்
வெட்கமில்லாமல் மினுங்கியது.

அப்ப சிராய் எங்கே என்றார் கிரேம்.
ரொவீனா சாவணத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.
அதன் வாய்க்குள்,
எண்ணெயில் ஒட்டி,
போட்டபடியே படுத்திருந்தது.

மெஷின் முதலில் தவறவிட்டது
மெல்லிய றப்பர் ஒன்றைத்தான்.
மரம் இல்லை என்று அது சொன்னது சரி.
மரம் இருக்கிறது என்று சொன்னது நான்,
என் வடிவான எழுத்தில்:
ஏழு, மரம், நடுவில், வைத்தேன்.

வெள்ளை மை ஆலைக்குள் கொண்டுவரக்கூடாது.
அழிக்கவும் கூடாது.
ஒரேயொரு கோடு இழுத்து
பக்கத்தில் கையெழுத்து வைக்கவேண்டும்.
கீழே உள்ள சொல்
எவரும் வாசிக்கக்கூடியதாய் இருக்கவேண்டும்.

வைத்தேன் என்பதன் மேல் கோடு இழுத்தேன்.
எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில்
என் கை என்று எழுதினேன்.
விடியத் தொடங்கிவிட்டது. வெளியே லொறிகள்
செம்மண் தெறித்த சில்லுகளோடு
பாரம் ஏற்றக் காத்து நின்றன.