நாற்பத்தொரு விநாடி

சட்டையின் மூன்றாம் பொத்தானுக்கு உட்புறம்
மைக்கை ஒட்டுவேன், காலை எட்டு மணிக்கு.
மார்பைக் காட்டி நிற்பார், மருத்துவரிடம் காட்டுவதுபோல.
லியூபென் கரஸ்தோயனோவ்.
ஆறு ஆண்டு பிரதமர். இப்போது
வேனின் பின்னிருக்கையில்
தன் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே
முழங்கால் மடக்கி உட்காரும் ஆள்.

விதின், லோம், பிளெவென், ரூசே.
எல்லா ஊரிலும் அதே நூற்றி அறுபதாம் பக்கம்.
‘அன்றிரவு’ என்ற சொல்லுக்கு முன்
மூச்சை நிறுத்துவார்.
விதினில் எனக்குத் தொண்டை அடைத்தது.
பிளெவெனில் விநாடி எண்ணினேன்.
மூன்று.
எப்போதும் மூன்று.

கேமராவுக்குத் தெரியாதது எனக்குக் கேட்கும்.
மைக்கை மறந்து கழிப்பறைக்குப் போவார்,
அங்கே தன் பெயரைத் தானே சொல்லிப் பார்ப்பார்
யாரோ மேடைக்கு அழைப்பதுபோல.
மகளிடம் தொலைபேசியில்,
“கூட்டம் பரவாயில்லை.”
அன்று பதினான்கு பேர்,
இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

ரூசேயில் கையெழுத்து வரிசையின் கடைசி ஆள்
பஸ் டிப்போ மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ்.
முதல் பக்கத்தை அவர் திறக்கவில்லை.
டிக்கெட் செருகி வைத்திருந்த இடத்தைத் திறந்து
வாசித்துக் காட்டினார்:
“சில கசப்பான முடிவுகளையும் எடுக்க நேர்ந்தது.”
பிறகு, “இந்த வரிக்குக் கீழே போடுங்கள்.
எங்கள் ஆலையில் நாலாயிரம் பேர் இருந்தோம்.
உங்கள் புத்தகத்தில் எங்களுக்கு இவ்வளவுதான் இடம்.”

மிலென் அப்போது பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான்.
நான் தூணுக்குப் பின்னால், கேபிள் சுருட்டியபடி.
படம் இல்லை, ஒலி இருக்கிறது.
பேனா மூடி திறக்கிறது.
தூரத்தில் நூலகப் பெண் நாற்காலிகளை அடுக்குகிறாள்.
பழக்கதோஷம், எண்ணத் தொடங்கினேன்.
மூன்று தாண்டியது.
பதினேழில் விட்டுவிட்டேன்.
ஹெட்ஃபோனில் அவர் இதயம்,
அவருடைய எந்த உரையிலும் இல்லாத வேகத்தில்.

வெட்டிவிடலாம் என்றார் தயாரிப்பாளர்.
ராதினா மறுத்துவிட்டாள்.
நாற்பத்தொரு விநாடி கறுப்புத் திரை.
சோஃபியா திரையிடலில், ப்ரொஜெக்டர் பழுதென்று
யாரோ விசில் அடித்தார்கள்.
மூன்றாம் வரிசையில் அவரும் இருந்தார்,
மைக் இல்லாமல்.
அவர் மூச்சு விட்டாரா என்று
அன்று எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டாரா என்று என்னைக் கேட்கிறார்கள்.
மூடியைத் திரும்பத் திருகியது கேட்டது.
மெக்கானிக் நன்றி சொன்னதும் கேட்டது.
அந்தப் புத்தகத்துக்கு நல்ல வழவழப்பான தாள்.
பேனா ஓடினாலும்
சத்தம் வராது.