ஜிப் விற்ற ஆண்டுகள்

நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.
விளக்குக் கால்களைச் சுமந்து
மூச்சிரைக்க ஏறிய எங்களை
மேலே கைப்பிடியில் சாய்ந்து எண்ணினாள்
ஸுல்மா இரிகொய்ட்டி:
"நாலு பேர். என் கடைசி நாடகத்துக்கு வந்த கூட்டம்
இதைவிடக் கொஞ்சம்தான் பெரிது."

எண்பத்தொரு வயது. உதட்டுச்சாயம் அன்றைக்குப் பூசியது.
மாத்தே குடுவையை எங்கள் யாருக்கும் நீட்டவில்லை,
மொந்தேவிதேயோவில் அது
கதவைச் சாத்துவதற்குச் சமம்.
நகராட்சி ஒரு சந்துக்கு அவள் பெயர் வைத்திருக்கிறது.
"அங்கே வண்டி நிறுத்தக்கூடாது," என்றாள்.
"எனக்குக் கூட."

இயக்குநர் ரமீரோ பெந்தங்கோருக்கு வேண்டியது
அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் மட்டும்.
ராணுவம் அவள் பெயரைச் சுவரொட்டிகளிலிருந்து
சுரண்டி எடுத்த பின்
மேடையில்லாமல் அவள் என்ன ஆனாள் என்பது.

"ஜிப் விற்றேன்.
பாஸோ மொலினோவில், பொத்தான் கடையில்.
ஜிப், நாடா, எலாஸ்டிக்.
எலாஸ்டிக்கை இழுத்து அளப்பவள் திருடி.
நான் இழுக்காமல் அளந்தேன். எழுதிக்கொள்."

ரமீரோ எழுதிக்கொள்ளவில்லை.
வலியைக் கேட்டான்,
முதலில் சுற்றி வளைத்து, பிறகு நேராகவே.

கேமராவின் பின்னிருந்த பெண்ணிடம் திரும்பினாள்:
"வெளிச்சம் எந்தப் பக்கம், மகளே?"
"உங்களுக்கு இடப்பக்கம்."
இடக்கண்ணிலிருந்து ஒரு துளி புறப்பட்டது.
கன்ன எலும்பில் நின்றது. யோசித்தது. விழுந்தது.
ஃபோகஸ் தவறிவிட்டதாம். இன்னொன்று தந்தாள்.
கீழ்வீட்டு நாய் குரைத்ததால் மூன்றாவது.
மூன்றும் ஒரே நீளம்,
இழுக்காமல் அளந்தவை.

அப்போதுதான் காற்று.
தெற்கிலிருந்து வருவது அங்கே தென்றல் அல்ல,
பல்லுள்ள காற்று.
தெருவே அணைந்தது.
பேட்டரி எடுக்க மற்றவர்கள் இறங்கிப் போனார்கள்,
தடவித் தடவி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து.

"உன்னுடையதும் நின்றுவிட்டதா?"
நின்றுவிட்டது என்றேன்.
ஓடிக்கொண்டிருந்தது.
ஹெட்போன் மாட்டியவனுக்கு இருட்டில்
எல்லோருமே மடியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள்.

"செவ்வாய்க்கிழமைகளில் ஒருத்தி வருவாள்.
கர்னலின் மனைவி.
சாம்பல் நிறத்தில் இருபது சென்டிமீட்டர் ஜிப் ஒன்று.
வாரம் ஒரு ஜிப்பை வைத்துக்கொண்டு என்னதான் தைத்தாளோ.
சில்லறையை எண்ணும்போது கேட்பாள்:
இன்றைக்கு ஒரு வரி?
சொல்வேன்.
மேஜைக்கு மேல் தலை தூக்காமல்,
ஜிப்பைக் காகிதத்தில் சுற்றியபடி,
ஒரு காட்சியிலிருந்து ஒரே ஒரு வரி.
என்னோடு நடித்தவர்கள் சிறையில் இருந்தார்கள்.
நான் செவ்வாய்க்காகக் காத்திருந்தேன்.
திங்கள் இரவில் ஒத்திகை பார்த்தேன், கேட்டாயா,
ஒத்திகை."

பிறகு படியில் காலடிகள், ரமீரோவின் இருமல், வெளிச்சம்.
அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.
எனக்கு மாத்தே நீட்டினாள்.

அந்தக் கோப்புக்கு 'அறைச் சத்தம், பதினாலு' என்று பெயரிட்டேன்.
அந்தப் பெயருள்ள எதையும்
எந்த எடிட்டரும் திறந்து பார்ப்பதில்லை.
அவளைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே
சொல்லிக்கொண்டேன். பொய் சொன்னவன்
வேறென்ன சொல்லிக்கொள்வான்.

முதல் காட்சியன்று என் பக்கத்து இருக்கை அவளுடையது.
திரையில் இரண்டாம் துளி இறங்கியபோது
(ரமீரோ தேர்ந்தது அதைத்தான், ஃபோகஸ் சரியானதை)
அரங்கமே மூக்கை உறிஞ்சியது.
அவள் மட்டும் ஒரு மிட்டாய்த் தாளைப்
பிரித்துக்கொண்டிருந்தாள், மெதுவாக,
தொழில் தெரிந்தவளின் பொறுமையோடு.

பெயர்கள் ஓடத் தொடங்கின. என் பெயர் வந்தது.
என் மணிக்கட்டைத் தொட்டாள்.
"அன்றைக்கு உன் பெட்டியில்
ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது."

நான் திரையைப் பார்த்தேன்.

"ஏன் சேர்க்கவில்லை?" என்றாள்.
மிட்டாயைக் கன்னத்தின் மறுபக்கம் ஒதுக்கிவிட்டு,
கொஞ்சம் கவலையோடே:
"நன்றாக வரவில்லையா?"