நூற்றொன்று புள்ளி ஐந்து

மாட்டுக்கு அதுதான் கணக்கு.
நமக்கு அது காய்ச்சல்.

கருப்பூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில்
இருபத்திரண்டு வருடமாக
வாலைத் தூக்கி வெப்பமானி வைக்கிறேன்.
பாதரசம் ஏறும் இரண்டு நிமிடத்தில்
மாட்டுக்காரர் மழையைப் பற்றிப் பேசுவார்,
மரவள்ளி விலையைப் பற்றிப் பேசுவார்.
மாடு எதைப் பற்றியும் பேசாது.
உள்ளே அது பாட்டுக்கு
ஓர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

மே மாதம்.
வெள்ளைக்கல் சுரங்கத்து மேடுகள்
வெயிலை வாங்கி வெயிலாகவே திருப்பித் தருகின்றன.
காலையில் ஓர் ஓணான்
பாறையோடு வயிற்றை ஒட்டிக் கிடந்தது.
பதினொரு மணிக்கு நான்கு காலில் எக்கி
வயிற்றைத் தூக்கிக்கொண்டது.
பன்னிரண்டுக்கு அந்த இடத்தில் அது இல்லை.
இடம் மாறுவதுதான் அதன் முழு வைத்தியமும்.

நாய்க்கு நாக்கு போதும்.
அடிபம்பின் மேல் காகம்
கரைய அல்ல, சும்மா வாயைத் திறந்து வைத்திருக்கிறது.
எருமைக்கு வியர்வை குறைவு;
அந்தக் கருந்தோலுக்குத் தெரிந்த ஒரே யோசனை
குட்டை.
குட்டையை மூடி மனை போட்டவர்களே
"கறவை கொறஞ்சிருச்சு மேடம்" என்று வருகிறார்கள்.
சேறு என்று எழுதித் தர
என் சீட்டில் கட்டம் இல்லை.

எனக்கு நாற்பத்தொன்பது.
கூட்டத்தின் நடுவில், பேருந்தின் நடுவில்,
சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில்
மார்பிலிருந்து காதுவரை குப்பென்று பற்றுகிறது.
மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்தால்
"பிரஷரா மேடம்?" என்கிறான் தங்கராசன்.
ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம்.
மூளையின் அடியில்
பாதாம்பருப்பு அளவில் ஒரு காவலாளி;
மாட்டுக்கும் உண்டு, காகத்துக்கும் உண்டு.
ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதும் அவன் வேலை.
என்னுடையவனுக்கு இப்போது தூக்கம் சரியில்லை.
தீக்குச்சி உரசினால்
ஊரையே எழுப்புகிறான்.

மார்கழியில் ஏற்காட்டுக்கு மாற்றுப்பணி.
இருபது வளைவு.
ஏழாவதில் ஜன்னலைச் சாத்தினார்கள்,
பதினொன்றில் காதைக் கட்டினார்கள்,
பதினாலில் நான் மட்டும்
ஜன்னலைத் திறந்து வசவு வாங்கினேன்.

நாகலூரில் இரவு இரண்டு மணி.
வெள்ளச்சியின் பசு
பனி ஊறிய மண்ணில் கன்று போட்டிருந்தது.
டார்ச் வெளிச்சத்தில் கிடேரி.
காது, காப்பித் தோட்டத்துக் கல் போல.
தொண்ணூற்று மூன்று.
நடுக்கம் இல்லை.
அதுதான் பயம்.
நடுக்கம் என்பது
உடம்பு உள்ளே விறகு உடைக்கிற சத்தம்;
கோடாலி ஓய்ந்துவிட்டால்
அடுப்புக்கு யாரும் இல்லை.

கோணியால் தேய்த்தோம், தோள் கழன்றுபோகும்வரை.
பாட்டிலில் வெந்நீர், இரண்டு விலாவிலும்.
சீம்பாலை விரலில் தொட்டு
நாக்கில் தடவினோம். உறிஞ்சவில்லை.
மடியில் போட்டுச்
சால்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.
ஈரமும் ரத்தமும் பசுவின் எச்சிலும்
சேலைக்குள் இறங்கியது.

அப்போது வந்தது.
அதே குப்பென்று.
மார்பு, கழுத்து, காது.
பனியில் நெற்றி வேர்த்தது எனக்கு.
வழக்கமாகத் திட்டுவேன்.
அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை,
இன்னும் இறுக்கிக்கொண்டேன்.
மூன்று நிமிடம் இருக்கும், நான்கு இருக்கும்.
போனது. கால் மணியில் மறுபடியும் வந்தது.

விடியும் முன்பு
என் தொடையில் ஏதோ துடித்தது.
முதலில் ஒரு தசை. பிறகு முதுகு முழுக்க.
"ஐயோ, நடுங்குதே" என்று எழுந்தாள் வெள்ளச்சி.
"நடுங்கட்டும்" என்றேன்.
இன்னொரு முறையும் சொன்னேன் என்று நினைக்கிறேன்,
நடுங்கட்டும்.

காலை ஏழு மணி, நூறு புள்ளி இரண்டு.
எழுந்து நிற்கப் பார்த்து
மூக்கால் மண்ணை உழுதது.
பதிவேட்டில் சிகிச்சை என்ற இடத்தில்
கோணி, வெந்நீர், சீம்பால் என்று எழுதினேன்.
மீதியை எழுதக்
கட்டம் சிறியது.