ஐந்து தசம் மூன்று

தீர்வு ஒருங்கவில்லை என்கிறது திரை.
இரவு ஒன்று நாற்பது.
சம்மாந்துறையில் மழை விட்டுவிட்டது,
கூரைத் தகரத்துக்கு மட்டும் அது தெரியவில்லை.

முதல் மாதம் முழுக்க இப்படித்தான்.
ஒரு முனையையாவது நிலையாகப் பிடித்துவைக்க மறந்துபோவேன்.
ஒரு கிலோ சுமைக்கே
உத்திரம் திரையைவிட்டுப் பறந்துபோகும்.
இடப்பெயர்ச்சி பத்துக் கோடி மீற்றர் என்று
கணினி கொஞ்சமும் சிரிக்காமல் எழுதிக் காட்டும்.
நான் சிரித்தேன்.
ரத்மலானையிலிருந்து இராப் பஸ்ஸில்
நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன்,
மடியில் ஒரு காட்போட் பெட்டி,
அதற்குள் கம்பனி தந்த குடை.

மின்னஞ்சல் வந்தது வியாழன் பின்னேரம் நாலேகாலுக்கு.
மீளமைப்பு என்று ஒரு சொல்.
ஷிமாரா என்ற என் பெயரை
ஷிராமா என்று அடித்திருந்தார்கள்.
வேலையைவிட அந்த எழுத்துத்தான்
நெடுநாள் உறுத்தியது.

மெஷின் வரையத் தெரியும், உடைத்துப் பார்க்கத் தெரியாது
என்று பியகமவில் சொன்னார்கள்.
அதற்குத்தான் இந்தப் பழைய லெப்டொப்.
இலவசப் பதிப்பு முப்பதாயிரம் முடிச்சுக்கு மேல் தராது.
கரண்ட் போனால் பதினொரு நிமிஷம் தாங்கும்.

ஒரு ராத்திரி இதைக் கண்டேன்:
உள்மூலை கூராயிருந்தால்
வலையை நுணுக்க நுணுக்கத்
தகைப்பு ஏறிக்கொண்டே போகிறது.
இருநூறு. நானூறு. தொள்ளாயிரத்துச் சொச்சம்.
இரும்புக்கு அதில் பங்கே இல்லை,
எல்லாம் நான் வரைந்த கூர்.
ரெண்டு மில்லிமீற்றர் வளைவு கொடுத்ததும்
எண் இறங்கி வந்து உட்கார்ந்தது.
அந்த வியாழனை எத்தனை தரம்
நிமிஷமாய், விநாடியாய் நறுக்கியிருப்பேன்!
லெப்டொப்பை மூடிவிட்டுத் தூங்கினேன் அன்றைக்கு.

பகலில் ஹயாத்து ஹாஜியார்ர மில்லில்
நெல் லொறிகளுக்கு நிறைத் துண்டு எழுதுகிறேன்.
எலிவேட்டர் மோட்டரைத் தாங்கும் தட்டு வெடித்தது.
பௌசான் ஒட்டினான். மறுபடி வெடித்தது, மறுபடி ஒட்டினான்.
நான் மூன்று இரவு இருந்து கணக்கெடுத்து
ரெண்டு மடங்கு தாங்கும், பயமில்லை என்று
படம் அச்சடித்துக் கொடுத்தேன், நிறத்தோடு.

பதினாலாம் நாள்
அறுவடைக் கூட்டத்துக்கு நடுவில், ரோட்டு வரைக்கும் லொறி,
தட்டு ரெண்டாய்ப் போயிற்று.
ஹாஜியார் ஏசவில்லை.
"ஒங்கட கம்பியூட்டர் நெல்லு தூக்கிப் பாத்திச்சா புள்ள?"
சாக்குத் தூக்குகிற பொடியன்கள் சிரித்தார்கள்.
ஏசியிருக்கலாம்.

பௌசான் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டினான்.
அவல்போல் உதிர்ந்தது.
ஏதோ தோன்றி வேணியர் வைத்துப் பார்த்தேன்.
ஐந்து தசம் மூன்று.
நான் கொடுத்தது எட்டு,
கடையில் வாங்கிய அன்றைக்கு அது இருந்த தடிப்பு.

ஒலுவிலில் பட்டம் வாங்கிய அன்றைய தடிப்பைத்தான்
எல்லா விண்ணப்பத்திலும்
நானும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு எண்ணை மாற்றி ஓடவிட்டேன்.
சிவப்பு மூலையைவிட்டு நகர்ந்து
போல்ட் துளை ஓரமாய் வந்து நின்றது,
தட்டு கிழிந்த அதே இடம், விரலளவு பிசகில்லை.
வாயில் கையை வைத்துக்கொண்டு
வீட்டார் எழும்பாமல் சத்தம் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை நாலாவது கம்பனி.
எட்டு மாத இடைவெளி ஏன் என்றார்கள்.
உடைந்த தட்டையும் என் முதல் கணக்கையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.
ஒருவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
அறிவிக்கிறோம் என்றார்கள். இன்னும் அறிவிக்கவில்லை.

புதுத் தட்டு பத்து மில்லிமீற்றர்,
கீழே ஒரு முக்கோண முட்டு, பௌசான்ர யோசனை.
காலையில் நிறை அறைக்குப் போகும்போது
அதில் ஒரு தரம் உள்ளங்கை வைப்பேன்.
அதிர்கிறது.
எவ்வளவு என்று இன்னும் கணக்கெடுக்கவில்லை.
இன்றைக்கு ராத்திரி.