லோ கியர்

கிரீன் ரிவரில் தர்பூசணி முடியும் வாரம்.
சாலையோரம் விற்பனைக்கு இரண்டு பழைய பிக்கப்கள்.
என்னிடம் ஒன்பதாயிரம் டாலர்,
பையில் ஒரு சின்னச் சுத்தியல்.

முதலாவது டொயோட்டா. வெள்ளை.
தொண்ணூற்று நான்கில் பிறந்தது.
சாவி திருப்பியதும் தொண்டைகூடச் செருமாமல்
பேசத் தொடங்கிவிட்டது.
விற்கும் பையன் கென்யன்,
"லிஃப்ட் கிட் போட்டிருக்கு, முன்னால் விஞ்ச்,
மோவாப் பாறையெல்லாம் இதுக்குப் படிக்கட்டு" என்றான்.
ஓட்டினேன்.
வறண்ட ஓடையின் கூழாங்கற்களில்
தண்ணீரைக் கண்ட எருமைபோல்
அவசரமில்லாமல் இறங்கியது.
பிடித்துப்போயிற்று.
பிடித்துப்போனதுதான் பயமாக இருந்தது.

இரண்டாவது ஃபோர்டு. எண்பத்தொன்பது.
பச்சை என்று பத்திரத்தில் இருக்கிறது;
வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.
வலது கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும்.
மண்ணியல்காரர் ஆர்வில்லா நீல்சன்
பழைய யுரேனியக் குழிகளின் தண்ணீரைச் சோதிக்க
முப்பது வருடம் இதில் போனவர்.
குறைகளை அவரே சொன்னார்,
மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல்:
எண்ணெய் கசியும்.
ஹீட்டர் ஜூலையில் மட்டும் வேலை செய்யும்.
லோ கியர் போட்டால்
மேட்டில் பாதி ஏறும்போது வெளியே குதிக்கும்.
"குதித்தால்?"
"முழங்காலால் பிடித்துக்கொள்."

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
பிரைஸ் ஆஸ்பத்திரி, இரவு ஷிப்ட்.
மேல்தோலை நம்பாதது தொழில் தந்த வியாதி.
டொயோட்டாவின் அடியில் முதுகு உரசப் புகுந்தேன்.
அடிச்சட்டம் முழுக்கப் புதுக் கறுப்பு,
கல்யாணத்துக்கு முதல்நாள் அடித்த தலைச்சாயம் மாதிரி.
தர்பூசணியைத் தட்டுவதுபோல்
தட்டிக்கொண்டே நகர்ந்தேன்.
டங். டங். டங்.
பின்சக்கரத்துக்கு முன்னால்
ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில்
தொப்.
இன்னொரு முறை. தொப்.
மூன்றாவது அடிக்குச் சுத்தியல்
உள்ளே போய்விட்டது.

துருத்தூள் கண்ணாடியில் கொட்டியது.
வெளியே கென்யனின் ஷூக்கள் அசையவில்லை.
"மிச்சிகன் வண்டி"
என்றன ஷூக்கள், கொஞ்சம் கழித்து.
"அங்கே பனிக்கு ரோட்டில் உப்புப் போடுவாங்க."
"கறுப்பு அடித்தது?"
ஒரு ஷூ மற்றதன் மேல் ஏறியது.

கோபப்படத்தான் எழுந்தேன்.
அதற்குள் அவன் கீழே படுத்து
அந்த ஓட்டையில் விரல்விட்டுக்கொண்டிருந்தான்,
விழுந்த பல்லின் இடத்தை
நாக்கு தடவித் தடவிப் பார்ப்பதுபோல்.
அவனுக்கும் இதை யாரோ விற்றிருக்கிறார்கள்.
அவனும் பிடித்துப்போய்த்தான் வாங்கியிருக்கிறான்.

ஃபோர்டின் அடியில்
சிவப்பு மண், ஒரு எலிக்கூடு,
முப்பது வருட எண்ணெய்,
கசிந்து கசிந்து தனக்குத்தானே பூசிக்கொண்ட களிம்பு.
பாலைவனத்தை விட்டு வெளியே போகாத இரும்பு.
கடைசிவரை டங்.

நாலாயிரத்து இருநூறு. பேரம் பேசவில்லை.
பேசியிருந்தால் ஆர்வில்லா
இன்னும் நான்கு குறை சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை, சான் ரஃபேல் பக்கம்,
பெயர்ப்பலகை இல்லாத ஒரு மேடு.
முகப்பு எழும்பி, கண்ணாடி முழுக்க வானம்.
அப்போது குதித்தது.
எஞ்சின் அலற, வண்டி ஒரு முழம் பின்னால் சறுக்க,
பிரேக்கை மிதித்து,
கியரைத் திரும்பத் திணித்து,
முழங்காலை அதன்மேல் சாய்த்தேன்.
உச்சிவரை அப்படியே.
மேலே ஒன்றுமில்லை.
ஒரு காக்கை, நிறையக் காற்று,
ஆறும் எஞ்சினின் டிக் டிக்.
அரை சாண்ட்விச் தின்றுவிட்டு இறங்கினேன்.

திங்கள் இரவு நொண்டியபடி வந்தவளை
டாக்டர் ஓக்கல்பெரி மேசையில் ஏற்றினார்.
முதல்முறையாக நான் படுக்க, இன்னொருத்தி பொத்தான் அழுத்தினாள்.
தோலில் ஒரு கத்தரிக்காய் நீலம்.
எலும்பில் ஒன்றுமில்லை.
"எங்கே இடித்துக்கொண்டாய்?"
இடிக்கவில்லை, என்றேன்.
பிடித்துக்கொண்டேன்.

வெள்ளை டொயோட்டா இன்னும் அங்கேதான் நிற்கிறது.
விலையை அடித்து எழுதியிருக்கிறான்,
அதன் கீழே பெரிய எழுத்தில்: சட்டத்தில் ஓட்டை.
கடக்கும்போதெல்லாம் வேகம் குறைக்கிறேன்.
ஃபோர்டு இருமுகிறது.